படகின் பின்பலகையில் விட்ட இடம்

என் கணவர் படகு வாங்கினார். மதுரை ஆனையூரில் எங்கள் தெருவில் ஒருவரும் இதை நம்பவில்லை. கார் வாங்கினார், மாடு வாங்கினார் என்றால் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். படகு என்றதும், "எந்தத் தண்ணியில விடப் போறாரு?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் வில்லாபுரத்தில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வருகிற நேரம் கொஞ்சம் தப்பினால் போதும், எந்த லாரி, எந்த வளைவு, எந்த ஆஸ்பத்திரி என்று என் மனசு ஊரெல்லாம் சுற்றி வந்துவிடும். வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். பால் பொங்கி வழியும். அவர் ஆற அமர வந்து, "வர்ற வழியில ஒரு டீ குடிச்சேன்" என்பார். டீக்கே இந்தப் பாடு என்றால் கடலுக்கு நான் என்ன ஆவேன்?

இவருக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்தவர், பழைய டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இவருடைய நண்பர். எங்களுக்கு அவர் பாய், அவ்வளவுதான். அவருடைய மாமனார் வீடு தொண்டியில் இருக்கிறது. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பிரியாணி சாப்பிட்ட கையோடு, பாயின் மச்சினன் இருவரையும் படகில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்த இவர், "கடல்ல மோட்டார் சத்தமே வேற மாதிரி கேக்குது" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆயுசு முழுக்க மோட்டார் சத்தம் கேட்ட மனுஷன் அப்படிச் சொன்னால், அது சும்மா சொல்வதில்லை.

சில மாதங்களில் ஒரு பழைய ஃபைபர் படகு வில்லாபுரம் கடை வாசலில் வந்து நின்றது. மீன் பிடிக்க இல்லை, சும்மா போய்வர. இஞ்சினைப் பிரித்து மாட்ட வேண்டும், வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று தொண்டியிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். மதுரைத் தெருவில் படகு நின்றால் சும்மா விடுவார்களா? ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி, "அண்ணே, வைகையில வெள்ளம் வரப்போகுதா? எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என்று நான் வீட்டில் புலம்பினேன்.

"நான் கெணத்துல நீச்சல் பழகுனவன்" என்பார். உண்மைதான். திருமங்கலம் பக்கம் இவருடைய வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் மேலேயிருந்து குதிப்பாராம். கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. கடலுக்கு எங்கே இருக்கிறது சுவர்? இதைக் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

படகைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முன் பேர் எழுத வேண்டும் என்று மச்சினன் தொண்டியிலிருந்து விவரம் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் அன்று கடையில் இருந்தேன். இவர் ஃபோனைப் பார்த்து உரக்கப் படித்தார். படகின் பேரும் அது எந்தத் துறைமுக ஊரைச் சேர்ந்தது என்பதும் ஒன்றாக, ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பின்பலகையில் எழுதுவதுதான் வழக்கம். படகின் உடம்பிலேயே எழுத வேண்டும், கழற்றி மாட்டுகிற பாகத்தில் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் வாசிக்க முடிய வேண்டும்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும், படகு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. என்ன நடந்தாலும் பார்க்கிறவன் வாசித்துவிடுவான். இன்ன பேர், இன்ன ஊர் என்று கரையில் வந்து சொல்வான். பயந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாவது வேண்டாமா? எனக்கு அது கிடைத்தது.

ஸ்டிக்கர் கடைக்காரர் டேப்பும் கையுமாக வந்தார். ஆட்டோவுக்கும் லோடு வண்டிக்கும் எழுதிப் பழகிய கை. படகைச் சுற்றிச் சுற்றி வந்து, "அண்ணே, இதுல முன்னாடி எது?" என்று கேட்டார். ஊர் என்ன போடவேண்டும் என்றதற்கு இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "திருமங்கலம்" என்றார். எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் பிறந்த ஊர் பேர் போட்டுத்தானே பழக்கம்? பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, திருமங்கலத்துல எங்க நங்கூரம் போடுவ? பஸ் ஸ்டாண்டுலயா?"

ஊர், தொண்டி என்று முடிவானது. பேருக்கு விவாதமே இல்லை. எங்கள் குலசாமியான அம்மன் பேர்தான். கடைக்கும் அதுதான் பேர், பைக்கிலும் அதுதான் பேர்.

அந்த நேரத்தில்தான் மதினி வந்து இறங்கினார். இவருடைய அக்கா. திருமங்கலத்துக்கு மேற்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர். தம்பி எது வாங்கினாலும் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயுமாக பஸ் ஏறி வந்துவிடுவார். படகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்பக்கம் போனார். அங்கே ஒரு சின்ன ஏணி மாட்டியிருந்தது.

"இது எதுக்குடா தம்பி?"

"தண்ணியில எறங்கி ஏறுறதுக்குக்கா."

"சாமி பேரு எங்க எழுதப் போறீக?"

இவர் ஏணிக்கு மேலே பின்பலகையைக் காட்டினார். மதினியின் முகம் மாறிவிட்டது. "காலு வச்சு ஏறுற எடத்துலயா? என்னடா, புத்தி பெசகிப் போச்சா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "மதினி, கடல்ல பின்னாடி வர்றவனுக்குத் தெரிஞ்சாத்தானே யாரு போட்டுன்னு சொல்லுவான்?" என்றேன்.

"ஏத்தா, நம்ம போட்டு எதுன்னு சாமிக்குத் தெரியாதா? காலு பட்டுச்சுன்னா அப்புறம் யாரு வந்து காப்பாத்துவா?"

என் வீட்டிலும் சாமி படம் போட்ட காலண்டர் தாளைக் கீழே போடமாட்டேன். மதினி சொன்னதில் பாதி எனக்கும் சரி என்றே பட்டது. இன்னொரு பாதி, தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே என்று அடித்துக்கொண்டது. இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தார். ஆளுக்குப் பாதி. வெயிலுக்காகப் படகின் மேலே போட்டிருந்த நீலக் கூரைத் துணியின் நெற்றியில் சாமி பேர். பின்பலகையில் ஊர் பேர் மட்டும்.

"கழட்டுற பாகத்துல எழுதக்கூடாதுன்னு இப்பத்தான படிச்சீங்க?" என்றேன்.

"பதிவுக்குப் பாக்க வரும்போது மாத்திக்கிருவோம். அதுவரைக்கும் கரையோரமா ஒரு ரவுண்டு, அம்புட்டுத்தான்."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டிக்கர் கடைக்காரரிடம் திரும்பி, "தொண்டியைக் கீழே தள்ளி எழுதுங்க. மேல எடம் விடுங்க" என்றேன். "எதுக்குக்கா, நடுவுல எழுதுனாத்தான் பார்வையா இருக்கும்" என்றார். "விடுங்கன்னா விடுங்க. நாளைக்குப் பேரு எழுத வேண்டி வரும்." அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். மேலே அகலமாக வெறும் வெள்ளை. அடியில், கடைசி பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளை மாதிரி, தொண்டி. பார்க்க நன்றாகவே இல்லை. நான் ஜெயித்தது அந்த வெள்ளை இடம் ஒன்றில்தான்.

படகு தொண்டிக்குப் போனது. அது போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் இவரும் பாயும் கிளம்பிப் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தொண்டியில் பாயின் மாமனார் வீட்டுக்குத் திரும்பிவிடுவதாகப் பேச்சு. கரைக்கு வந்ததும் ஃபோன் செய்ய வேண்டும் என்று நான் அவரிடம் சத்தியம் வாங்காத குறை.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். அன்று ஒரு கல்யாண வீட்டுத் துணி மேஷினில் கிடந்தது. மதினியும் முந்தின நாளே வந்திருந்தார், கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மதியம் ஆனது. ஃபோன் வரவில்லை. நானே அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் இனிமையான குரலில் சொன்னாள். அவள் குரல்வளையை நெரிக்கலாம் போல இருந்தது. பாயின் எண்ணுக்கு அடித்தேன். அங்கேயும் அவளேதான்.

"வந்துருவான். நீ சும்மா இரு" என்றார் மதினி. ஆனால் அவர் மொச்சையைத் தொலியில் போட்டுவிட்டுத் தொலியைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

வெயில் சாய ஆரம்பித்த பிறகு மச்சினன் அழைத்தார். "அக்கா, பதறாதீங்க. மச்சானும் அண்ணனும் இன்னும் கரைக்கு வரலை. காத்து கொஞ்சம் கூடிருச்சு. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்." பதறாதீங்க என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பிறகு பதறாமல் எப்படி இருப்பது? பிளவுஸின் இடது கையைக் கொண்டுபோய் வலது தோளில் தைத்து வைத்திருந்தேன். பிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

பாயின் மனைவிக்கு அழைத்தேன். கடற்கரையில் பிறந்தவர். "எங்க ஊரு ஆளுக தேடிருவாங்க. துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்களும் உங்க சாமியக் கும்புடுங்க" என்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஃபோனை வைப்பதற்கு முன் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கடலில் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. தாண்டியவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று டிவியில் வாரம் தவறாமல் பார்க்கிறோம். இஞ்சின் நின்றிருந்தால், அந்தப் படகுக்கு எல்லை எங்கே என்று யார் சொல்வார்கள்? ஆனையூரில் மேஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் மனசுக்குள் அந்தப் படகைக் கையால் பிடித்துக் கரைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியது மச்சினன்தான். ஈர மணலில் நீலத் துணி ஒன்று சுருண்டு கிடந்தது. அதில் பாதி தெரிகிற மாதிரி வெள்ளை எழுத்துகள். எங்கள் குலசாமியின் பேர். திரும்பி வந்த மீன்படகு ஒன்று, கடலில் மிதந்த துணியை எடுத்துக்கொண்டு வந்து போட்டதாம். இது உங்கள் படகினுடையதா என்று கேட்டிருந்தார்.

மதினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார். காட்டக்கூடாது என்று ஃபோனைத் திருப்பினேன். தாமதமாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஆத்தா கரைக்கு வந்துட்டாளே. எந்தம்பிய விட்டுப்புட்டு அவ மட்டும் வந்துட்டாளே" என்றார். அழவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். படத்தில், துணியின் ஓரத்தில் யாரோ ஒருவருடைய செருப்புக் கால் நின்றிருந்தது. அதை அவரும் பார்த்திருப்பார்.

பேர் கரைக்கு வந்துவிட்டது. பேர் இல்லாத படகு மட்டும் கடலில் இருக்கிறது. என்னவென்று சொல்லித் தேடுவார்கள்?

மச்சினனுக்கு அழைத்தேன். சுற்றிலும் பலர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, வந்த ஆளுகளையெல்லாம் கேட்டுட்டேன். அங்கங்க வெள்ள போட்டு நின்னத பாத்திருக்காங்க. எல்லாத்துலயும் தொண்டின்னுதான் இருந்துச்சாம். நம்ம ஊரு போட்டுதானே, வலை போட்டுக்கிட்டு நிக்கிறாங்கன்னு நெனச்சு வந்துட்டாங்க. எந்தத் தெசையில போறதுன்னு தெரியலை. உங்க போட்டுக்குன்னு வேற எதுவும் அடையாளம் இருக்கா?"

வெள்ளைப் படகு. தொண்டி. வேறு என்ன அடையாளம் இருக்கிறது? இல்லை என்று சொல்லப்போன வாய், என்னை அறியாமல் கத்தியது. "தம்பி, மத்த போட்டுலயெல்லாம் பேரும் இருக்கும், ஊரும் இருக்கும். எங்களதுல பேரு கெடையாது! பின்னாடி மேல வெறும் வெள்ளையா இருக்கும். அடியில கடைசியா தொண்டின்னு மட்டும் இருக்கும். அப்படி ஒண்ண யாராவது பாத்தாங்களான்னு கேளுங்க!"

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தம் போட்டுக் கேட்பது கேட்டது. ஒரு குரல், இரண்டு குரல். பிறகு யாரோ ஒரு பெரியவர், "ஆமாப்பா, பேரு அழிஞ்ச போட்டு ஒண்ணு நின்னுச்சு. பெயிண்டு உதுந்து போச்சு போலன்னு நெனச்சேன்" என்று சொன்னது எனக்கு அப்படியே காதில் விழுந்தது. எந்த இடம் என்று அவர் சொன்னதும், இரண்டு படகுகள் உடனே கிளம்பிவிட்டதாக மச்சினன் சொன்னார்.

அதற்குப் பிறகு காத்திருந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. மதினியும் நானும் ஒரே கோரைப்பாயில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். தெருவில் விளக்கு போடும் நேரத்துக்கு மச்சினன் எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. எடுக்கப் பயந்தேன். மதினிதான் பச்சையைத் தொட்டு என் காதில் வைத்தார்.

"இந்தா, நான்தான்" என்றார் இவர். தொண்டை கட்டிப்போயிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து என்னை இவர் கூப்பிடுவது அப்படித்தான். இந்தா. ஏய். கடையில் ஆள் இருந்தால், வீட்ல. என் பேர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அன்று அந்த ‘இந்தா’வைக் கேட்டதும் அழுதேன். அழுது முடித்ததும் திட்டினேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகள் அவை. மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இஞ்சின் நின்றிருக்கிறது. இவர் பிரித்திருக்கிறார். அலையில் படகு ஆட, ஸ்பேனர் கைதவறிக் கடலில் விழுந்துவிட்டது. கிணறாக இருந்தால் குதித்து எடுத்திருப்பார். காற்று கூரைத் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. ஃபோன்கள் இரண்டும் நனைந்து செத்துவிட்டன. தூரத்தில் போன ஒரு படகைப் பார்த்து இருவரும் சட்டையைக் கழற்றி வீசிக் கத்தியிருக்கிறார்கள். அந்தப் படகுக்காரர்களும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இனிமேல் படகே வேண்டாம் என்பார் என்று நான் நினைத்தேன். ஆசைதான். அடுத்த வாரமே பேர் எழுதுகிற பேச்சை எடுத்தார். மதினியும் வந்திருந்தார். உப்பு காய்ந்த அந்தத் துணியை அவரே துவைத்து மடித்து, தன் வீட்டுச் சாமி அலமாரிக்கு எடுத்துப்போக எடுத்து வைத்திருந்தார். "சாமி பேரு வேண்டாம்டா. மனுசப் பேரே எழுது. ஆனா பின்னாடியே எழுது" என்றார். அவர் வாயால் அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மனிதப் பேர் என்றால் யாருடையது? அப்பா பேர் என்றார் இவர். "அப்பா மேல காலு வப்பியா?" என்றார் மதினி. ஹாஸ்டலில் படிக்கிற எங்கள் மகள் பேர் என்றார். என் பிள்ளை பேரை மிதிக்கவா என்று நான் சண்டைக்குப் போனேன். இவர் என்னைக் கைகாட்டி, "அப்ப இவ பேரு" என்றார்.

சாமிக்குக் கால் படக்கூடாது, அப்பாவுக்குப் படக்கூடாது, பிள்ளைக்குப் படக்கூடாது. என் பேர் என்றதும் மட்டும் வீட்டில் ஒரு ஆட்சேபணையும் இல்லை! "என் மேல மட்டும் மிதிக்கலாமாக்கும்?" என்று எகிறினேன். அந்தப் படகில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை, வைக்கப் போவதும் இல்லை.

"மிதிக்கிறது ஏணியத்தான்" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்குக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தாங்கள்ல, அப்ப நான் அந்தப் பலகையத்தான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெறும் பலகை. வேற எதையும் புடிக்கத் தோணலை."

அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

ஸ்டிக்கர் கடைக்காரர் தொண்டிக்கே வந்து, நான் விட்டுவைத்த இடத்தில் என் பேரைப் பெரிதாக எழுதினார். தொண்டிக்கு நேர் மேலே, கச்சிதமாகப் பொருந்தியதாம். பதிவும் ஆகிவிட்டது. ஃபோட்டோ அனுப்பினார்கள். என் பேரை அவ்வளவு பெரிதாக நான் எங்கும் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில் இரண்டாவது வரியில் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கிளம்பும்போதும் திரும்பிக் கரையைத் தொட்டதும், படகின் பேரையும் ஊரையும் சொல்லி மச்சினனுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அந்த அழைப்பில் என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இஞ்சின் சத்தம், காற்றுச் சத்தம். அதற்கு நடுவே இவர் கூச்சத்தோடு தொண்டையைச் செருமிவிட்டு, என் பேரைச் சொன்னார். பிறகு, "தொண்டி. கெளம்பியாச்சு." இத்தனை வருஷம் கழித்து, என் பேர் அவர் வாயில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பாதிதான் பட முடிந்தது.

ஏனென்றால் அவர் அதை இரண்டு முறை சொல்ல வேண்டும். போகும்போது ஒன்று, வந்ததும் ஒன்று. இன்றும் ஞாயிற்றுக்கிழமை. மேஷினில் துணி கிடக்கிறது, தைக்க ஓடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு முறை என் பேரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாவது முறை இன்னும் சொல்லவில்லை.